தலையில் அடிபட்டவருக்கு ‘அமைதி மாத்திரை’: கொடுக்கும் முன் படிக்க வேண்டிய பாடம்

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை செய்தவர். ஷிஃப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் விபத்து, தலையில் பலத்த அடி. ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்துவிட்டார். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். ஆனால் ராத்திரி ஆனால் கத்துகிறார். கட்டிலை விட்டு எழுந்து ஓடப் பார்க்கிறார். பிடிக்கப்போன மனைவியையே அடித்துவிடுகிறார்.

டாக்டர் ஒரு வாரத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அன்று ராத்திரியே வீடு அமைதியாகிறது. வாரம் முடிந்ததும் மனைவி அதே சீட்டோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார். “அண்ணா, அதே மாத்திரை இன்னும் ரெண்டு அட்டை குடுங்க.” இப்படியே மூன்று மாதம் ஓடிவிடுகிறது.

இப்போது அவர் கத்துவதில்லை. ஆனால் கால் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். வாயோரம் எச்சில் வழிகிறது. தண்ணீர் குடித்தால் இருமுகிறார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. “அடிபட்டதுல இப்படி ஆயிட்டாரு, என்ன பண்றது” என்று வீடே மனதைத் தேற்றிக்கொள்கிறது.

இது கற்பனைக் குடும்பம். ஆனால் இதில் ஒரு உண்மையான கேள்வி இருக்கிறது. இப்போது தெரியும் குறைகளில் எது அடியால் வந்தது, எது மாத்திரையால் வந்தது? அடியால் வந்தது சரியாக நாளாகும். மாத்திரையால் வந்ததில் பெரும்பகுதியை டாக்டரிடம் சொன்னால் குறைக்க முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்த மாதப் பாடம்.

எந்த மருந்துகளைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆன்டிசைக்காட்டிக் என்ற வகை மருந்துகள். ஹாலோபெரிடால், குளோர்புரோமசின், ரிஸ்பெரிடோன், ஓலான்சபின், குவெட்டியாபின் ஆகியவை இந்த வகையில் அதிகம் எழுதப்படுபவை. முதலாவதான குளோர்புரோமசின் 1952-ல் பிரான்சில் மனநோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது. இல்லாத குரல் கேட்பது, இல்லாத ஆள் தெரிவது போன்ற தீவிர மனநோய்களுக்கு இவை அருமையான மருந்துகள். லட்சக்கணக்கானோர் இவற்றால் வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். எனவே இந்த மருந்துகளே கெட்டவை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் இவற்றைத் ‘தூக்க மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’, ‘அமைதி மாத்திரை’ என்று சொல்வோம். அந்தப் பெயரால்தான் குழப்பமே வருகிறது. இவை வெறும் தூக்க மாத்திரைகள் அல்ல. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களை அடைப்பவை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தலைச்சுற்றலுக்குத் தரும் புரோகுளோர்பெரசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு ஆகியவையும் இதே டோபமினை அடைப்பவைதான். தலையில் அடிபட்டவருக்குத் தலைச்சுற்றலும் வாந்தியும் சகஜம். அதனால் ஒரு சீட்டில் ஹாலோபெரிடால், இன்னொரு டாக்டர் சீட்டில் புரோகுளோர்பெரசின் என்று இரண்டும் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. எல்லாச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

அடிபட்ட மூளை ஏன் தாங்காது?

தோல் ஷாப்பில் பத்து பேர் பார்க்க வேண்டிய ஷிஃப்டை ஆறு பேர் வைத்து ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும். அந்த ஆறு பேரில் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினால்? மிஷின் நின்றுவிடும். அடிபட்ட மூளை அந்த ஆறு பேர் ஷிஃப்ட். நல்ல மூளை தாங்கும் அளவு மருந்தை அது தாங்காமல் போகலாம்.

நம் பகுதியில் தலைக்காயம் மட்டுமல்ல, இன்னொரு வகை மூளைப் பாதிப்பும் உண்டு. தோல் பதனிடும்போது முடி நீக்கச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் அமிலம் கலந்த கழிவோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். தொட்டிக்குள் மயங்கிக் காப்பாற்றப்பட்டவரின் மூளைக்குச் சில நிமிடங்கள் ஆக்சிஜன் போகாமல் இருந்திருக்கும். அந்தப் பற்றாக்குறையில் முதலில் அடிபடும் இடங்களில் இரண்டு: ஞாபகத்தைப் பதிக்கும் பகுதி, உடல் அசைவைச் சீராக்கும் பகுதி. ஆன்டிசைக்காட்டிக் மருந்தால் விறைப்பு வருவதும் அந்த அசைவுப் பகுதியில்தான். அதனால் இவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் இந்த மருந்தைத் தருவதில் கூடுதல் கவனம் தேவை.

மூளை தேறிவரும் வேகத்தையே இந்த மருந்து குறைக்குமா என்ற கேள்வியும் உண்டு. 1982-ல் வெளியான ஓர் ஆய்வில், மூளையில் காயம் ஏற்படுத்தப்பட்ட எலிகளுக்கு ஹாலோபெரிடால் கொடுத்தபோது அவை நடை தேறுவது தாமதமானது. எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் தலைக்காய மருத்துவர்கள் இந்த மருந்தை யோசித்து யோசித்து எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கத்துகிறார் என்றால், ஏன் கத்துகிறார்?

பலத்த தலைக்காயத்துக்குப் பிறகு நினைவு தெளியும் கட்டத்தில் குழப்பமும் ஆவேசமும் வருவது வழக்கம். பலருக்கு நாட்களிலோ வாரங்களிலோ தானே அடங்கும். அதோடு, வாயால் சொல்லத் தெரியாத ஒரு தொல்லையை அவர் கத்திச் சொல்கிறார் என்றும் இருக்கலாம். மாத்திரையைத் தேடும் முன் இவற்றைப் பாருங்கள்:

• சிறுநீர் அடைத்திருக்கிறதா? அடிவயிறு கல் மாதிரி இருக்கிறதா?
• மலம் போய் எத்தனை நாள் ஆகிறது?
• காய்ச்சல், சளி, படுக்கைப்புண் உண்டா?
• எங்காவது வலியா? விபத்தில் கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவு இருக்கலாம்.
• குடிப்பழக்கம் இருந்தவரா? திடீரென நின்றால் கை நடுக்கமும் குழப்பமும் வரும். அதற்குச் சிகிச்சை வேறு.
• ஒரு நிமிடம் வெறித்துப் பார்த்துவிட்டுக் குழம்புகிறாரா? அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்.
• நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று மந்தமாகி, தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி என்கிறாரா? மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டுவது அடிபட்டுப் பல வாரம் கழித்தும் நடக்கும். இவருக்கு முதலில் வேண்டியது ஸ்கேன்.

இப்படிப்பட்டவருக்கு மாத்திரை கொடுத்துத் தூங்க வைத்துவிட்டால், நோய் உள்ளே வளரும், வெளியே சத்தம் மட்டும் நின்றிருக்கும். இந்த மருந்தின் முதல் ஆபத்தே, பார்க்க வேண்டிய அறிகுறியை அது மறைத்துவிடுவதுதான்.

வேலூரில் நடந்த ஆய்வு என்ன சொல்கிறது?

ஆவேசத்தில் இருக்கும் நோயாளியை எப்படி அமைதிப்படுத்துவது என்பதற்கு உலக அளவில் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளில் இரண்டு நம் வேலூர் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் நடந்தவை. 2004-ல் வெளியானது 200 நோயாளிகளிடம் நடத்தப்பட்டது. லோரசெபாம் ஊசியையும், ஹாலோபெரிடாலும் புரோமெதசினும் சேர்ந்த ஊசியையும் அதில் ஒப்பிட்டார்கள். நான்கு மணி நேரத்துக்குள் இரண்டுமே ஏறக்குறைய எல்லோரையும் அமைதிப்படுத்தின. இரண்டாவது வேகமாக வேலை செய்தது. 2007-ல் வெளியான அடுத்த ஆய்வில் 300 பேர். அதில் ஓலான்சபின் ஊசியை அதே கூட்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள்.

“அப்போ ஹாலோபெரிடால் நல்லதுதானே?” என்று கேட்கலாம். நல்லதுதான், எதற்கு என்பதைக் கவனியுங்கள். அந்த ஆய்வுகள் மனநல அவசரப் பிரிவில், டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருக்க, சில மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று பார்த்தவை. மூளை அடிபட்டவருக்கு வீட்டில் மாதக்கணக்கில் அதே மருந்தைக் கொடுக்கலாம் என்று அவை சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இரவுக்குச் சரியான மருந்து, வீட்டில் மூன்று மாதத்துக்குச் சரி ஆகிவிடாது.

வயதானவர்களில் இந்த வேறுபாடு எண்களாகவே தெரிந்தது. மறதி நோய் உள்ள முதியவர்களிடம் நடந்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 10 வார காலத்தில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 2.6 பேர் இறந்தார்கள். ஆன்டிசைக்காட்டிக் எடுத்தவர்களில் 4.5 பேர். இதயக் கோளாறும் நிமோனியா போன்ற தொற்றுகளும்தான் பெரும்பாலான காரணங்கள். முதலில் புதிய வகை மருந்துகளுக்குச் சொன்ன இந்த எச்சரிக்கை 2008-ல் பழைய வகைக்கும் விரிந்தது. மறதி நோயும் மூளைத் தேய்வுதான். வீட்டில் அப்பாவோ பாட்டியோ ராத்திரி எழுந்து நடக்கிறார் என்று இந்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், இந்த எண்கள் உங்களுக்கும் பொருந்தும்.

என்னென்ன வரலாம்? எதற்கு எங்கே ஓட வேண்டும்?

*உடனே 108:*

1. கடும் காய்ச்சல், உடம்பு கட்டை போல் விறைப்பது, வியர்வை, குழப்பம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. இந்த மருந்தால் அபூர்வமாக வரும் உயிராபத்தான நிலை. பெரும்பாலும் மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ முதல் இரண்டு வாரங்களில் வரும். அடுத்த வேளை மாத்திரை கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.
2. வலிப்பு. இந்த வகை மருந்துகள் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டக்கூடியவை. குளோர்புரோமசின், குளோசபின் ஆகியவற்றில் இது அதிகம். காயம்பட்ட மூளைக்கு ஏற்கெனவே அந்த வாய்ப்பு உண்டு.
3. மூச்சுத் திணறல், எழுப்ப முடியாத தூக்கம், திடீர் மயக்கம். சில மருந்துகள் இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும். அதனால்தான் டாக்டர் ஈ.சி.ஜி. கேட்பார்.
4. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே சொருகுவது, நாக்கு தள்ளுவது. மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலோ நாட்களிலோ வரும். பார்த்தால் பயமாக இருக்கும், ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்கப் போய்விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியில் சரியாகும்.

*ஓரிரு நாளில் டாக்டரிடம்:*

5. விழுங்கும்போது இருமல், புரையேறுதல். சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். நிமிர்த்தி உட்கார வைத்து, முழுதாக விழித்திருக்கும்போது மட்டும் ஊட்டுங்கள்.
6. கை நடுக்கம், நடை தேய்வது, முகம் உணர்ச்சியற்றுப் போவது. இதற்கு டிரைஹெக்ஸிபெனிடில் என்ற மாத்திரை சேர்ப்பதுண்டு. அதுவே ஞாபகத்தைக் குறைக்கும், மலத்தையும் சிறுநீரையும் கட்டும். அது தேவையா என்று கேளுங்கள்.
7. விழுவது. எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அடிபட்ட தலை மறுபடி அடிபடக் கூடாது.
8. எடை கூடுவது, சர்க்கரை ஏறுவது. ஓலான்சபினில் அதிகம்.

வேலூரின் கத்திரி வெயிலையும் மறக்காதீர்கள். இந்த மருந்துகள் உடல் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும் திறனைக் குறைக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மதியம் படுத்திருப்பவருக்குத் தண்ணீரும் காற்றும் கட்டாயம்.

ஏமாற்றும் ஒரு சுழல்

இந்த மருந்தால் சிலருக்கு உட்கார முடியாத, நிற்க முடியாத ஒரு தவிப்பு வரும். கால் ஆட்டிக்கொண்டே இருப்பார், எழுந்து எழுந்து நடப்பார், எரிந்து விழுவார். நாம் என்ன நினைப்போம்? “ஆவேசம் இன்னும் அடங்கலை, மாத்திரை பத்தலை.” அளவைக் கூட்டுவோம், தவிப்பும் கூடும். எனவே மாத்திரை தொடங்கிய பிறகு நிலைமை மோசமானால், “நோய் கூடிவிட்டதா, மருந்தால் வந்ததா?” என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

மருந்து தேவைப்படும் நேரமும் உண்டு

ட்யூபைப் பிடுங்கிக்கொள்கிறார், மாடியிலிருந்து குதிக்கப் போகிறார், இல்லாத ஆட்களைப் பார்த்துப் பயப்படுகிறார் என்றால் டாக்டர் இந்த மருந்தை எழுதுவது சரிதான். குறைந்த அளவு, குறுகிய காலம், மறுபரிசீலனைக்கு ஒரு தேதி: இந்த மூன்றும் இருக்க வேண்டும். விபத்துக்கு முன்பே மனநோய்க்கு மருந்து எடுத்தவர் என்றால் கணக்கே வேறு. அவருக்கு நிறுத்துவதுதான் ஆபத்து.

யாராக இருந்தாலும், 108-க்குச் சொன்ன நிலைகள் தவிர, நீங்களாக மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும் படிகளில்தான் குறைக்க வேண்டும். அதேபோல் நிறமும் சுவையும் தெரியாத சொட்டு மருந்தைச் சாப்பாட்டில் ரகசியமாகக் கலப்பதும் வேண்டாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

டாக்டரிடம் கேட்க ஆறு கேள்விகள் (ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்)

1. இந்த மருந்து எந்தத் தொல்லைக்கு?
2. வேறு காரணம் இல்லை என்று பார்த்துவிட்டோமா?
3. எத்தனை நாள்? எந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும்?
4. வலிப்பு மாத்திரையோடு சேருமா? (கார்பமசெபைன், பெனிட்டாயின் போன்றவை ரத்தத்தில் இந்த மருந்துகளின் அளவைக் குறைக்கக்கூடும்.)
5. ஈ.சி.ஜி., சர்க்கரை பார்க்கணுமா?
6. என்ன நடந்தால் உடனே வரணும்?

கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, உரிமை. மனநல சிகிச்சை பெறுபவருக்கும் அவர் சார்பாக நியமிக்கப்பட்டவருக்கும் சிகிச்சைத் திட்டம், தெரிந்த பக்கவிளைவுகள் ஆகியவற்றைப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்கிறது.

உங்கள் போனில் செய்ய வேண்டியவை

• எல்லா மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரை அட்டை ஆகியவற்றைப் படம் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.
• மாத்திரை தொடங்கும் முன் அவர் நடப்பது, பேசுவது, தண்ணீர் குடிப்பது ஒரு நிமிட வீடியோ. பிறகு வாரம் ஒன்று. “முன்ன இப்படி இருந்தார், இப்ப இப்படி” என்று காட்டினால் டாக்டருக்கு அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.
• மறுபரிசீலனைத் தேதிக்கு அலாரம் வையுங்கள். பழைய சீட்டில் புதிய அட்டை வாங்காதீர்கள். இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள்.

சேவைகள்

• 108: விபத்து, வாயு மயக்கம், மேலே சொன்ன அவசரங்கள். தொட்டியில் விழுந்தவரைக் காப்பாற்றப் பாதுகாப்புக் கருவி இல்லாமல் நீங்கள் இறங்காதீர்கள்.
• இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48: 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம். சாலை விபத்தில் அடிபட்டவருக்குத் திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளி மாநிலத் தொழிலாளிக்கும் உண்டு.
• 104: மருத்துவ ஆலோசனை. 14416: டெலி மானஸ் மனநல ஆலோசனை. பராமரிக்கும் உங்களுக்கு மனம் உடைந்தாலும் இந்த எண்ணில் பேசலாம்.
• 1800-180-3024: மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்யும் தேசிய இலவச எண், வேலை நாட்களில். நோயாளியோ வீட்டாரோ நேரடியாகச் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் உண்டு.
• மக்களைத் தேடி மருத்துவம்: வீட்டுக்கே வரும் பிசியோதெரபி பற்றி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாத்திரையைவிட மெதுவாக, ஆனால் நிலையாக வேலை செய்வது மறுவாழ்வுப் பயிற்சி. அதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. இந்தியாவில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை முதன்முதலில் தொடங்கியது 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில்தான், டாக்டர் ஜேக்கப் சாண்டியால். அங்கேயே 1966-ல் மறுவாழ்வு நிலையம் வரக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்து சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியதும் நிறைய. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். பார்க்க வரும் கூட்டத்தைத் தவிருங்கள். பகலில் வெளிச்சம், ராத்திரி மங்கல் விளக்கு, எதிரே பெரிய கடிகாரமும் காலண்டரும் இருக்கட்டும். “நீங்க வீட்லதான் இருக்கீங்க, நான் உங்க பக்கத்துல இருக்கேன்” என்று பத்து தடவை சொல்ல வேண்டி வந்தாலும் பொறுமையாகச் சொல்லுங்கள்.

பாடம் பதிந்ததா?

*கேள்வி:* நேற்றுவரை பேசியவர் இன்று மந்தமாகிக் கத்துகிறார். மீதி இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?
*பதில்:* கூடாது. மண்டைக்குள் ரத்தக் கட்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

*கேள்வி:* மாத்திரை தொடங்கி ஐந்தாம் நாள் காய்ச்சல், உடம்பு விறைப்பு. பாராசிட்டமால் போதுமா?
*பதில்:* போதாது. அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி, அட்டையோடு 108.

*கேள்வி:* மூன்று மாதமாக அதே மாத்திரை. இப்போது அமைதியாக இருக்கிறார். இன்றே நிறுத்திவிடலாமா?
*பதில்:* நீங்களாக வேண்டாம். வீடியோவையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், “இது இன்னும் தேவையா?” என்று கேளுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நம் கற்பனை வீட்டில் மூன்று மாதமாக யாரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், இந்தப் பக்கத்தை அந்தக் குடும்பத்துக்கு இன்றே அனுப்புங்கள்.